ஊசி கோக்க முடியுதா? ஜப்பான் தையலும் நம் கண்ணும் கையும்

உங்கள் வீட்டு ஊசி டப்பா எங்கே இருக்கிறது என்று சட்டென்று சொல்ல முடியுமா?

பல வீடுகளில் அது ஒரு பழைய பிஸ்கட் டின். திறந்தால் உதிர்ந்த பட்டன்கள், ஹூக், சிக்கு விழுந்த கறுப்பு நூல், துரு ஏறிய இரண்டு ஊசிகள். எப்போதாவது பிளவுஸுக்கு ஹூக் வைக்க வெளியே வரும். மறுபடி பீரோவுக்கு மேலே போய்விடும். 'விளக்கு வெச்சப்புறம் ஊசி கொடுக்கக் கூடாது' என்று பாட்டிகள் சொன்னது நினைவிருக்கிறதா? லட்சுமி போய்விடுவாள் என்று காரணம் சொல்வார்கள். லட்சுமி போகிறாளோ இல்லையோ, சிம்னி விளக்கில் தைத்தால் கண் களைத்துப்போகும் என்பது நிச்சயம்! அந்த நாளில் இதைவிட நல்ல கண் வைத்தியம் யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஊசியையும் கண்ணையும் சேர்த்து இங்கே பேசுவதற்குக் காரணம், ஓரிக்கையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றங்கரையை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. காஞ்சிப் பெரியவரின் கருங்கல் மணிமண்டபத்தைப் பார்க்க நீங்கள் போயிருக்கலாம். சீடன் கணிகண்ணனை ராஜா ஊரைவிட்டுத் துரத்தினான் என்று திருமழிசை ஆழ்வாரும் கிளம்ப, பெருமாளே பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் நடந்து, ஓர் இரவு தங்கிய இடம் என்பார்கள். 'ஓரிரவு இருக்கை'தான் ஓரிக்கை ஆனதாம். அக்காவுக்கு 52 வயது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்தவர். மயிரிழை போன்ற பட்டு நூல் அறுந்தால் இருட்டிலேயே முடிச்சுப் போடுவார். தறி நின்று சில வருடமாகிறது.

அவருடைய பெண் ஒரகடத்தில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே வந்திருந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி ஊருக்குத் திரும்பும்போது ஒரு கைத்துணியைப் பரிசாகக் கொடுத்திருக்கிறார். கருநீலத் துணி, வெள்ளை நூல், ஒன்றையொன்று கொக்கி போட்ட வட்டங்கள். பார்த்தால் நம் சிக்குக் கோலம் மாதிரி! அக்கா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னா பெரிய வித்தை? வெறும் ஓட்டுத் தையல்தானே! நான் போடறேன் பாரு" என்றார்.

ஊசியை எடுத்தார். நூலை எச்சில் தொட்டு முறுக்கினார். ஒரு தரம், ரெண்டு தரம், பத்து தரம்... நூல் காதுக்குள் போகவில்லை. "வயசாயிடுச்சு, வுடு" என்று டின்னை மூடிவிட்டார்.

அந்த 'வயசாயிடுச்சு'தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தத் துணியைப் பார்ப்போம்.

அதன் பெயர் சஷிகோ. 'சின்னச் சின்னக் குத்து' என்று அர்த்தம். இன்று அதை அலங்காரமாகப் போடுகிறார்கள். பிறந்தது அலங்காரத்துக்காக அல்ல, குளிருக்காக. ஜப்பானின் வடக்குப் பக்கம் பனி கொட்டும் பூமி, பருத்தி விளையாது. அங்கே சுகாரு என்ற பகுதியில் குடியானவர்கள் பருத்தித் துணி உடுத்தக் கூடாது என்று ஆண்டவர்கள் தடையே போட்டிருந்தார்கள். சணல் மாதிரியான நாரில் நெய்த துணிதான் கதி. அதில் காற்று சல்லடையாகப் புகும். அந்த ஊர்ப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கிடைத்த கொஞ்சம் பருத்தி நூலைக் கொண்டு, துணியின் ஓட்டைகளை அடைக்கிற மாதிரி நெருக்கமாகத் தைத்தார்கள். தைத்த இடம் கனமானது, கதகதப்பானது, சீக்கிரம் கிழியவும் இல்லை. உழைக்கிற தோளிலும் முதுகிலும் இந்தத் தையல்தான் காப்பு. தலைநகரில் தீயணைக்கிறவர்கள் பல அடுக்குத் துணியை இப்படித் தைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, அந்த ஈரக் கோட்டோடு நெருப்புக்குள் போனார்கள்.

நமக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று நினைக்காதீர்கள். நம் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய கோடு போட்ட பருத்தித் துணிக்கு அந்தக் கால ஜப்பானில் 'சாந்தோமே' என்றே பெயர். ஆமாம், மயிலாப்பூர் சாந்தோம்தான்! நம் நீலகிரியில் தோடர் இனப் பெண்கள், வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடும் பூவேலையும் இதற்குத் தூரத்துச் சொந்தக்காரிதான். படம் வரைய மாட்டார்கள். துணியின் இழையை எண்ணி எண்ணியே ஊசி போகும். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. சுகாரு பெண்களும் அப்படித்தான் 1, 3, 5 என்று ஒற்றைப்படையில் இழை எண்ணித் தைத்தார்கள். பக்கத்து வட்டாரத்துக்காரர்கள் இரட்டைப்படையில் எண்ணினார்கள். ஊருக்கு ஊர் கணக்கு வேறு.

சரி, அக்கா கதைக்கு வருவோம்.

நாற்பது வயதைத் தொட்டதும் பலருக்கும் கிட்டத்து எழுத்து மங்கும். கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் வளைந்து கொடுக்கும் தன்மையை இழப்பதால் வருவது இது. மருந்துக் கவரைக் கையை நீட்டிப் படிப்பீர்கள், கை போதாது! இதற்குப் படிக்கிற கண்ணாடி போதும். ஆனால் நூல் கோக்க முடியாததற்கெல்லாம் இதுவே காரணம் என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதக் கூடாது. புரை இருக்கலாம். கண் அழுத்த நோய் இருக்கலாம். சர்க்கரை விழித்திரையைத் தொட்டிருக்கலாம். இவை பெரும்பாலும் வலிக்காது, அதுதான் ஆபத்து. பிளாட்பாரத்தில் நாலு கண்ணாடியை மாட்டிப் பார்த்து, எது தெளிவாகத் தெரிகிறதோ அதை வாங்கி வருகிறவர்கள், எழுத்து தெரிந்த சந்தோஷத்தில் இந்தப் பரிசோதனையைத்தான் தள்ளிப்போடுகிறார்கள்.

அக்காவைப் பெண் வலுக்கட்டாயமாகக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார் டாக்டர். கூடவே ரத்தப் பரிசோதனையும் எழுதினார். வெறும் வயிற்றில் சர்க்கரை 236! வீட்டில் யாருக்கும் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. ராத்திரி நாலு தரம் எழுந்து போவதை 'தண்ணி நிறைய குடிக்கறேன்ல' என்று விட்டிருக்கிறார். நல்லவேளை, விழித்திரையில் இன்னும் பாதிப்பு இல்லை. "இப்பவே கண்ணாடிக்குப் பவர் எழுத மாட்டேன். சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் கூடவே மாறும். முதலில் அதைக் கட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆறு வாரம் கழித்து வாருங்கள்" என்றாராம்.

இது உங்களுக்கும் உபயோகப்படும். சர்க்கரை திடீரென்று கூடினாலோ குறைந்தாலோ கண்ணுக்குள் லென்ஸின் தன்மை மாறி, பார்வை தற்காலிகமாக மங்கும். அந்த நேரத்தில் போட்ட கண்ணாடி இரண்டே மாதத்தில் தண்டமாகிவிடும். சர்க்கரை உள்ளவர்கள், பார்வை தெளிவாகத்தான் இருக்கிறது என்றாலும், வருடத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் யாராவது ஊசி கோக்கத் திணறினால், கேலி செய்வதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆறு வாரத்தில்தான் அக்கா சஷிகோ கற்றுக்கொண்டார். ஊசி கோப்பதற்குத் தகரத் துண்டில் மெல்லிய கம்பி வைத்த சின்னக் கருவி தையல் சாமான் கடையில் கிடைக்கும். சில ரூபாய்தான். கம்பியைக் காதுக்குள் விட்டு, நூலை அதற்குள் போட்டு இழுத்தால் ஆயிற்று. நானும் கூட உட்கார்ந்தேன். எங்கள் இரண்டு பேர் தப்பும் சேர்ந்தால் ஒரு பாடப் புத்தகமே போடலாம். நீங்களாவது முதல் துணியை வீணாக்காமல் இருக்க, கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

துணி கெட்டிப் பருத்தியாக இருக்கட்டும். பழைய வேட்டியை இரண்டாக மடித்தால் பிரமாதம். பலமுறை துவைத்துப் பதமானதால் ஊசி வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். கருநீலம்தான் வேண்டும் என்றால் புதுத் துணியை ஒரு ராத்திரி ஊறவைத்துக் கஞ்சியை எடுத்து, சாயம் போகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. வெள்ளை நூல் முதல் துவையலிலேயே இளநீலமாகிவிட்டது! ஜப்பானிலிருந்து நூல் வரவழைக்க வேண்டியதில்லை. எம்ப்ராய்டரிக்கு விற்கிற ஆறு இழைப் பருத்தி நூலில் நாலு இழையைப் பிரித்துக்கொண்டால் போதும். ஊசி நீளமாக, கூர்மையாக, காது பெரிதாக இருக்க வேண்டும். ஃப்ரேம் வேண்டாம், ஃப்ரேம் மாட்டினால் இந்தத் தையலே வராது. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ரன்னிங் ஸ்டிச்சில் ஊசி நடக்கும், துணி சும்மா இருக்கும். இங்கே தலைகீழ். ஊசியைக் கிட்டத்தட்ட அசைக்காமல் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துணியை மேலும் கீழுமாக ஆட்டி ஊசிக்கு ஊட்ட வேண்டும். ஐந்தாறு தையல் சேர்ந்து ஊசியில் துணி கொசுவம் மாதிரி மடிந்து நிற்கும். அப்புறம்தான் ஊசியை இழுக்க வேண்டும். கொசுவம் வைக்கத் தெரிந்த கைக்கு இது வராமல் போகுமா? முதல் நாள் வராது. மூன்றாம் நாள் கை தானாகப் பிடித்துக்கொள்ளும். ஊசியின் பின்பக்கத்தைத் தள்ள, தையல்காரர்கள் விரலில் மாட்டுகிற அங்குஸ்தான் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஜப்பானில் உள்ளங்கையில் வட்டத் தகடு பதிய மாட்டிக்கொள்கிறார்கள்.

தையலின் அளவு மேலே ஒரு பொன்னி அரிசி நீளம். அடியில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மேலே 3 பங்கு, கீழே 2 பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். எல்லா அரிசியும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் அழகே. நூல் ஒரு முழம் போதும். இழுத்து இழுத்துக் கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு முழம் எடுத்தேன். சிக்கு எடுப்பதிலேயே பாதி நேரம் போயிற்று. முடிச்சுப் போட வேண்டாம். ஆரம்பிக்கிற இடத்துக்கு மூன்று நாலு தையல் முன்னால் குத்தி, பின்னோக்கி வந்து, திரும்பி அதே தையல்கள் மேலேயே போனால் நூல் பிடித்துக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குகிற எல்லோரும் செய்கிற தப்பு நூலை இறுக்குவதுதான். தைக்கும்போது அழகாக இருக்கும். நிமிர்த்திப் பார்த்தால் துணி அப்பளம் பொரிந்த மாதிரி சுருங்கியிருக்கும். ஒவ்வொரு வரி முடிந்ததும் கட்டை விரலால் துணியை நீவி, நூலைக் கொஞ்சம் இளக்குங்கள். மூலை திரும்பும் இடத்தில் அடிப்பக்கம் நூலைச் சற்றுத் தொளதொளவென்று விடுங்கள். இரண்டு வரி குறுக்கிடும் இடத்தில் மேல்பக்கம் நூல் மேல் நூல் ஏறக் கூடாது. நடுவில் சின்ன இடைவெளி இருக்கட்டும்.

முதல் துணியில் நேர்கோடு மட்டும். ஒரு விரல் இடைவெளியில் டெய்லர் சாக்பீஸால் கோடு போட்டு, பத்து வரி ஓட்டுங்கள். அடுப்படிக் கரித்துணியாக வைத்துக்கொள்ளலாம். ஜப்பானிலும் புதிதாகப் பழகுகிறவர்கள் இப்படி அடுப்படித் துணியில்தான் கை வைக்கிறார்கள். அடுத்ததுதான் அந்த வட்டம். டம்ளரைக் கவிழ்த்து, ஒன்றையொன்று தொடும்படி வரிசை வரிசையாக வட்டம் போடுங்கள். நாலு வட்டத்துக்கு நடுவே ஓர் இடைவெளி வரும் இல்லையா? அதை மையமாக வைத்து, அதே டம்ளரால் மேலே இன்னொரு வட்டம். எல்லாம் போட்டு முடித்தால் பூ மலர்ந்திருக்கும். தைக்கும்போது வட்டம் வட்டமாகத் தைக்கக் கூடாது. அலை போல மேல் வளைவு, கீழ் வளைவு என்று கோடிவரை போய், திரும்பி வரும்போது மிச்ச வளைவை முடியுங்கள். புள்ளி வைத்துக் கோலம் போட்ட உங்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். சணல் இலை மாதிரி ஒரு டிசைன் உண்டு. நேராக, வேகமாக வளரட்டும் என்று குழந்தைத் துணியில் அதைப் போடுவார்களாம்.

இனி உடம்புக்கு வருகிறேன். 'தைத்தால் மனசு லேசாகிறது' என்று சொல்கிறவர்கள் நிறைய. ஊசி வேலை பற்றியல்ல, கம்பளிப் பின்னல் பற்றி 2013-ல் வெளியான ஒரு சர்வதேசக் கணக்கெடுப்பில் 3,545 பேர் பதில் சொன்னார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் மனசு அமைதியாக இருப்பதாகச் சொன்னார்கள். பதில் சொன்னவர்கள் எல்லோரும் பின்னலை விரும்பிச் செய்கிறவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சீட்டாட்டக்காரரைக் கேட்டால் சீட்டாட்டம் நல்லது என்பார்! ஆகவே, ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசியைப் பிடிக்காதீர்கள். அக்காவிடம் நான் கண்ட ஒரு பலனை மட்டும் சொல்கிறேன். சாயங்காலம் டி.வி. முன்னால் தட்டில் கை போய்க்கொண்டே இருக்கும். இப்போது இரண்டு கையும் துணியில். முறுக்கு டப்பா திறப்பது பாதியாகக் குறைந்தது.

கழுத்துதான் முதலில் பழிவாங்கும். தரையில் சம்மணம் போட்டு, மடியில் துணியை வைத்து, தலையைத் தொங்கவிட்டு ஒரு மணி நேரம் தைத்தேன். மறுநாள் பக்கத்து வீட்டைப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியதாயிற்று! முதுகுக்குச் சாய்மானம் வையுங்கள். மடியில் ஒரு தலையணை, அதன்மேல் கை. துணி கண்ணை நோக்கி வரட்டும், கண் துணியை நோக்கிப் போக வேண்டாம். வலது கைக்காரருக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வந்தால் கை நிழல் விழாது. கருநீலத் துணியைப் பகலில் தையுங்கள், ராத்திரி வேண்டாம். உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்ட மறந்துவிடுகிறோம், அதனால்தான் எரிச்சல். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஊசியைக் குத்திவைத்துவிட்டு எதிர் வீட்டு மாடியையோ தென்னை மரத்தையோ பாருங்கள். விரல்களை விரித்து மூடுங்கள்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போவது, ராத்திரி மரத்துப்போய் எழுந்து கையை உதறுவது என்று இருந்தால், தைலம் தேய்த்துக் காலம் கடத்தாதீர்கள். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படும்போது இப்படி வரும். பெண்களுக்கு அதிகம், சர்க்கரை, தைராய்டு குறைவு, கர்ப்பம் இருந்தால் இன்னும் அதிகம். ஆரம்பத்தில் காட்டினால் ராத்திரியில் மணிக்கட்டுக்குப் பட்டை மாட்டுவது போன்ற எளிய வைத்தியமே பலருக்கும் போதும்.

ஊசி குத்தினால் விரலை வாயில் வைத்துச் சப்பாதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தடுப்பூசி போட்டு பத்து வருடம் ஆகியிருந்தால் டி.டி. ஊசி பற்றி டாக்டரைக் கேளுங்கள். சர்க்கரை நாள்பட்டவர்களுக்கு விரல் உணர்ச்சி மங்கியிருக்கலாம், குத்தியதே தெரியாது. அவர்கள் எழுந்திருக்கும்போது விரல் நுனிகளை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். நூலைப் பல்லால் கடித்து அறுப்பது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வருடக்கணக்கில் கடித்தால் முன்பல்லில் பள்ளம் விழும். கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது?

தாலிச் சரட்டில் ஊக்கு மாட்டுகிற கை, ஊசியையும் முந்தானையில் குத்திக்கொள்ளப் பார்க்கும். கூடாது. வாயில் கவ்வவும் கூடாது. எத்தனை ஊசி எடுத்தீர்களோ அத்தனையும் எண்ணி டப்பாவில் போட்ட பிறகுதான் இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டும். வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் இதில் சமரசமே இல்லை. குழந்தை ஊசியை விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வாழைப்பழம் கொடுத்துப் பார்ப்பது, விரல் விட்டு வாந்தி எடுக்கவைப்பது எல்லாம் வேண்டாம். எதுவும் கொடுக்காமல் உடனே எக்ஸ்ரே வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒடிந்த ஊசியை என்ன செய்வீர்கள்? குப்பையில் அப்படியே போட்டால் அள்ளுகிறவர் கையில் குத்தும். மூடியுள்ள ஒரு சின்ன டப்பாவில் சேர்த்துவைத்து, மூடியை ஒட்டிப் போடுங்கள். ஜப்பானில் இதற்கு ஒரு பண்டிகையே இருக்கிறது. வருடம் முழுவதும் உழைத்து ஒடிந்த ஊசிகளை, சில ஊர்களில் பிப்ரவரி 8-ம் தேதி, சில ஊர்களில் டிசம்பர் 8-ம் தேதி கோயிலுக்குக் கொண்டுபோய், கெட்டித் துணியைக் குத்தி அலுத்த ஊசிக்கு ஓய்வு என்று பஞ்சு போன்ற சோயா பன்னீரில் குத்திவைப்பார்கள். இதைச் சொன்னதும் அக்கா, "நாமளும் ஆயுத பூசைக்குத் தறிக்கும் நாடாவுக்கும் பொட்டு வெக்கறோமே, ஊசியை மட்டும் வுட்டுட்டோம்" என்றார். அந்த வருடம் அவர் வீட்டுப் பூஜையில் பிஸ்கட் டின்னும் இருந்தது.

ஆறு வாரம் கழித்துச் சர்க்கரை 128-க்கு வந்தது. கண்ணாடிக்குப் பவரும் கிடைத்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு தன் முதல் துணியைப் பார்த்த அக்கா, "ஐயே, நாலாவது வரி பாம்பு மாதிரி நெளியுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிரித்துத் தைக்கச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். இப்போதும் அதே துணியால்தான் அவர் வீட்டில் ரசப் பாத்திரத்தை இறக்குகிறார்கள்.